தமிழ்நாட்டில் ஊர்வன வளர்ப்பு

ஊர்வன வளர்ப்பு என்பது ஆமை, பாம்பு, பல்லி முதலிய உயிரினங்களை மனிதர் தம் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பதாகும். தமிழ்நாட்டில் இதன் வரலாறு, தோலுக்காகப் பாம்பு பிடித்த காலத்தில் தொடங்கி, பதிவுச் சான்று கேட்கும் இன்றைய சட்டம் வரை நீள்கிறது.

பின்னணி

பாம்புத்தோல் வணிகம் நடந்த காலத்தில் இருளர் மக்கள் பாம்பு பிடித்து வாழ்ந்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடக்கின. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, சில வாரங்களில் நான்கு முறை நஞ்செடுத்து, செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுவது இதன் முறை. பாம்பைக் கொல்லாமல் பேணுவதே பிழைப்புக்கும் வழியானது.

ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையும், 1976-இல் வடநெம்மேலியில் தொடங்கிய முதலைப் பண்ணையும் ஊர்வன பற்றிய அறிவைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றன.

திருச்சிராப்பள்ளியும் கடத்தலும்

பச்சைமலை போன்ற வறண்ட மலைக்காடுகளில் வாழும் உடும்பு முதலிய உள்நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றமாகும். பலர் வீடுகளில் வளர்த்த நட்சத்திர ஆமைக்கும் இத்தடை பொருந்தும். 2019-இல் அனைத்துலக வணிக ஒப்பந்தமும் (சைட்டிஸ்) அந்த ஆமையைத் தன் முதல் இணைப்பில் சேர்த்தது.

அயல்நாட்டு இனங்களின் மீதான ஆசை வேறொரு கடத்தலை வளர்த்தது. 2023 ஜூலை இறுதியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையம் வந்த பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் சிக்கின. அவை துளையிட்ட சிறு பெட்டிகளில் அடைக்கப்பட்டிருந்தன.

சட்டமும் பதிவும்

2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2024-இல் வெளியாயின. பதிவு ‘பரிவேஷ்’ இணையதளத்தில் நடைபெறுகிறது. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

பராமரிப்பு

தொடக்கநிலையில் உள்ளோர் பெரும்பாலும் செங்காது ஆமையை வாங்குகின்றனர். நாணய அளவில் விற்கப்படும் குஞ்சு, சுமார் 30 செ.மீ. வரை வளர்ந்து பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. கண்ணாடிக் கிண்ணம் அதற்குப் போதாது. நீந்த ஆழமான நீர், ஏறி வெயில் காய மேடை, வடிகட்டி ஆகியவை தேவை. ஊர்வன தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்குவதில்லை. வெயிலோ விளக்கோ கிடைக்காவிட்டால் செரிமானம் தடைபடும். புற ஊதாக் கதிரும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் ஓடு மென்மையாகும். சால்மோனெல்லா கிருமி பரவக்கூடும் என்பதால் தொட்டபின் கைகழுவுவது கட்டாயம். இக்காரணத்தாலேயே அமெரிக்கா 1975-இல் 4 அங்குலத்திற்கும் குறைவான ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது.

வளர்க்க முடியாதபோது ஆமையைக் குளத்திலோ ஆற்றிலோ விடுவதே பெருந்தீங்கு. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்களுள் ஒன்றான இது, உள்நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறிக்கிறது. ஆகவே அதன் வாழ்நாள் முழுவதற்கும் பொறுப்பேற்க இயலுமா என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்வது நல்லது.