விழுந்தவனைத் தூக்குகிறவன்

தமிழ்நாட்டில் புதுப்பட்டிகள் ஏராளம். ஒன்றுக்கொன்று குழப்பம் வராமலிருக்க எங்கள் புதுப்பட்டிக்குத் தலையில் ஓர் எழுத்தைச் சூட்டி வைத்தார்கள். வத்திராயிருப்பின் 'வ' அது. இந்த வ. புதுப்பட்டியில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலைதான். காலையில் நீலமாக இருக்கும், மாலையில் கறுத்துவிடும். அந்த மலைக்குள்ளேதான் சதுரகிரி இருக்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஜனங்கள் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து சாரி சாரியாக ஏறுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் நானும் ஏறினேன். வழியில் வழுக்கல் பாறை என்று ஓர் இடம் உண்டு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் எழுத்தாளன் பெயர்களை ரசிப்பானே தவிர அவை சொல்லும் புத்திமதியைக் கேட்கமாட்டான். இறங்கும்போது கால் வழுக்கியது, கணுக்கால் மடங்கியது, உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு நிமிஷத்தில் என்னைச் சுற்றி இருபது பேர். அத்தனை பேரும் தங்கமான மனிதர்கள். ஒருவர் தைலம் தேய்க்க வேண்டும் என்றார். ஒருவர் காலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் சரியாகிவிடும் என்றார்; சொன்னதோடு நில்லாமல் பிடித்தும்விட்டார். நான் போட்ட கூச்சல் சுந்தர மகாலிங்கத்துக்கே கேட்டிருக்கும்.

"விடுங்க சாமி! யாரும் காலை இழுக்காதீக!" என்று ஒரு குரல் கேட்டது. தலைச்சுமையோடு மேலே போய்க்கொண்டிருந்த ஒரு மனிதர் சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். முதலில் என் காலைத் தொடவில்லை. "எங்கே வலிக்குது? விரலை அசைக்க முடியுதா?" என்று கேட்டார். பிறகு இரண்டு கம்புகளை ஒடித்து, காலின் இருபுறமும் தப்பையாக வைத்து, தம் துண்டைக் கிழித்துக் கட்டினார். எதிரே வந்த டோலிக்காரர்களை நிறுத்தினார். ஓடைகளைக் கடக்கும் இடங்களிலெல்லாம் தாமே முன்னால் இறங்கிக் கால் வைக்கும் கல்லைச் சோதித்துச் சொன்னார். அடிவாரம் வந்ததும் நான் பணத்தை எடுத்தேன். டோலிக்காரர்கள் தங்கள் கூலியை வாங்கிக்கொண்டார்கள், அவர் வாங்கவில்லை.

"சுமைக்குத்தான் கூலி சாமி. விழுந்தவுகளுக்குக் கூலி வாங்குறதில்லை. எங்க அய்யா காலத்திலேருந்து அப்படித்தான்" என்றார். இறக்கி வைத்த சுமையைத் தேடி மறுபடியும் மலை ஏறப் போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு அரை நாள் கூலி நஷ்டம்.

கால் குணமாக நாற்பது நாள் ஆயிற்று. படுத்துக் கிடக்கிறவனுக்குப் படிப்பதைத் தவிர வேறு வேலை ஏது? மலையில் விழுந்தவனைத் தூக்குகிற வேலைக்கு உலகத்தில் ஒரு சரித்திரம் உண்டா என்று தேடினேன். இருக்கிறது, அதுவும் சுவையான சரித்திரம்.

*

அது ஆல்ப்ஸ் மலையில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய் என்று ஒரு வழி. 2,469 மீட்டர் உயரம். பதினோராம் நூற்றாண்டின் நடுவில் பெர்னார்ட் என்ற துறவி அங்கே ஒரு சத்திரம் கட்டினார். பனியில் வழி தப்பியவர்களைத் தேடிக் கொண்டுவருவது அந்த மடத்துச் சாமியார்களின் நித்திய கடமைகளில் ஒன்றாயிற்று. பிற்காலத்தில் நாய்களும் துணைக்கு வந்தன. அவற்றில் பாரி என்ற நாய் புகழ் பெற்றது. 1800-ல் பிறந்து 1814-ல் இறந்த அது நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். அதன் உருவத்தைப் பெர்ன் நகரத்துப் பொருட்காட்சி சாலையில் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். படங்களில் அந்த ஜாதி நாயின் கழுத்தில் ஒரு சிறு பிராந்திப் பீப்பாய் தொங்கும். அந்தப் பீப்பாய் லாண்ட்சீர் என்ற ஆங்கில ஓவியர் 1820-ல் தீட்டிய படத்திலிருந்து பரவியது. நாய் உயிரைக் காப்பாற்றியது; ஓவியர் அதற்குப் பீப்பாயைக் கட்டிவிட்டார். கதை எழுதுகிற நான் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

சாமியார்கள் செய்தது தர்மம். ஆனால் சந்நியாசம் வாங்காத மனிதர்கள், குடும்பமும் உத்தியோகமும் உள்ளவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலையைச் சம்பளமின்றிச் செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு! அமெரிக்கர், சார்லஸ் மினட் டோல் என்று பெயர்.

1930-களில் அமெரிக்காவில் பனிச்சறுக்கு ஒரு பைத்தியமாகப் பரவியது. காலில் நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு பனி மூடிய மலைச்சரிவில் வழுக்கிக்கொண்டு வருவது இந்த விளையாட்டு. முன்பெல்லாம் ஒரு தரம் வழுக்கி வர ஒரு மணி நேரம் மலை ஏற வேண்டும். 1934-ல் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு குடியானவரின் மேய்ச்சல் சரிவில் பழைய போர்டு மோட்டார் எஞ்சினால் ஓடும் கயிறு ஒன்றைப் பூட்டினார்கள். கயிற்றைப் பிடித்தால் அதுவே மேலே இழுத்துப் போய்விடும். ஏறும் சிரமம் போயிற்று. நாளெல்லாம் இறங்கிக்கொண்டே இருக்கலாம். மனிதர்கள் எத்தனை முறை இறங்கினார்களோ, அதற்கேற்ப எலும்புகளும் முறிந்தன.

1936 புத்தாண்டு சமயத்தில் டோல் அதே மாநிலத்தின் ஸ்டோ என்ற ஊரில் சறுக்கும்போது விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். ஈரப் பனியில் வெகு நேரம் கிடந்தார். கடைசியில் நண்பர்கள் எங்கிருந்தோ ஒரு கூரைத் தகரத்தைக் கொண்டுவந்து, அதன்மேல் அவரைக் கிடத்தி இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். அப்படி இழுத்தவர்களில் ஒருவர் பிராங்க் எட்ஸன். சில வாரங்களுக்கெல்லாம், அதே 1936-ல், எட்ஸன் ஒரு பனிச்சறுக்குப் பந்தயத்தில் மரத்தில் மோதி இறந்துபோனார்.

தன்னை இழுத்து வந்த நண்பன் போய்விட்டான். தான் கட்டுப்போட்ட காலோடு இருக்கிறோம். இந்த நிலையில் சாதாரண மனிதன் பனிச்சறுக்கையே வெறுத்திருப்பான். டோல் வெறுக்கவில்லை. விபத்துகள் ஏன் நடக்கின்றன என்று ஆராய நியூயார்க்கில் ஒரு கமிட்டி அமைந்தது, அவரே தலைவர். சறுக்குகிறவர்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 'பயந்தாங்கொள்ளிகள்' என்று பரிகாசம் செய்து பதில் எழுதியவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு மேலே பார்சென் சரிவுகளில் அப்போதே ஒரு காவல் அணி இருந்தது. அது டோலுக்குத் தெரியும். 1938-ல் ஸ்டோவில் நடந்த தேசியப் பந்தயத்துக்கு அம்மாதிரி ஒரு தொண்டர் அணியைத் திரட்டி நிறுத்தினார். அதைப் பார்த்த பனிச்சறுக்குச் சங்கத் தலைவர் ரோஜர் லாங்லி, இதையே நாடு முழுவதற்கும் செய்யக் கூடாதா என்று கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் தேசியப் பனிச்சறுக்குக் காவல் அணி. 1950 வரை டோல் அதை நடத்தினார். இன்று அதில் சுமார் 30,000 பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

*

அந்த அணியில் சேருவது எப்படி? 'எனக்கு நல்ல மனசு இருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள்' என்றால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முதலில், எவ்வளவு கரடான சரிவிலும் தான் விழாமல் சறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு முதலுதவிப் பாடம். ஆரம்பத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாடத்தையே படித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வெகு தூரத்தில், குளிரில், சரிவில் கிடப்பவனுக்கு அது போதவில்லை. ஆகவே தங்களுக்கென்றே ஒரு பாடத்தை வகுத்துக்கொண்டார்கள். டாக்டர் வாரன் போமன் எழுதிய பாடநூல் 1988-ல் வெளிவந்தது. பல மாதம் மாலை வேளைகளில் படித்து, எழுதியும் செய்து காட்டியும் பரீட்சை தேற வேண்டும். தேறிய பிறகும் வருஷந்தோறும் பாடத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு சறுக்கு வண்டி. அடிபட்டவனைக் கிடத்திக் கட்டி, முன்னால் கைப்பிடிகளுக்கு நடுவே நின்று ஒருவன் வண்டியை அடக்கிக்கொண்டு வர வேண்டும். மிகச் செங்குத்தான இடத்தில் பின்னால் கயிற்றைப் பிடித்து இன்னொருவனும் வருவான். கல்யாண வீட்டில் பாயசம் நிறைந்த அண்டாவைப் படிக்கட்டில் இறக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படிக்கட்டு முழுவதும் எண்ணெய் கொட்டியிருப்பதாகவும், அண்டாவுக்கு வலி தெரியும் என்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் பரீட்சை.

அவர்களுடைய வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. காலையில் மற்றவர்கள் வருமுன் அவர்கள் மலை ஏறிவிடுகிறார்கள். மாலையில் எல்லோரும் இறங்கிய பிறகு, சரிவு முழுவதும் பரவி, கூப்பிட்டுக்கொண்டே கடைசியாக இறங்குகிறார்கள். யாரோ ஒருவன் மரத்தடியில் கால் முறிந்து கிடக்கலாம் அல்லவா? கடைசி மனிதன் வீடு போய்ச் சேரும்வரை காவல்காரனுக்கு வீடு இல்லை.

*

நம் நாட்டுக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்கு இருக்கிறது. காஷ்மீரத்துக் குல்மார்க்கில் 1948-ல் நம் ராணுவம் ஒரு பனிச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கியது. மலைப்போர்ப் பயிற்சியின் தாயகமாக அது வளர்ந்தது. பனிச்சரிவு அத்தகைய தேர்ந்தவர்களையும் விட்டுவைப்பதில்லை: 2010 பிப்ரவரியில் அதே குல்மார்க்கில் பயிற்சியில் இருந்த 17 ராணுவத்தினரை அது கொண்டுபோயிற்று.

2016 பிப்ரவரி 3-ந் தேதி சியாச்சினில் நடந்ததைத் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். 19,600 அடி உயரத்திலிருந்த காவல் நிலையின்மேல் பனிச்சுவர் சரிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்துப் பேர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் எங்கள் மலைக்கு அந்தப்புறமுள்ள தேனி மாவட்டத்தவர். பனியில் புதைந்தவனைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பான். அரை மணி தாண்டினால் நம்பிக்கை வேகமாகக் குறைந்துவிடும். இங்கே நாட்கள் தாண்டிக்கொண்டிருந்தன. ஆனாலும் தோழர்கள் ஓயவில்லை. பாறையாக இறுகிய பனிக்கட்டியை வெட்டினார்கள். டாட், மிஷா என்ற இரண்டு நாய்கள் மோப்பம் பிடித்து இடம் காட்டின. ஆறாம் நாள், இருபத்தைந்து அடிக்குக் கீழே, கர்நாடகத்து ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார்! தேசமே கைகூப்பி நின்றது. பிப்ரவரி 11-ந் தேதி டில்லி ஆஸ்பத்திரியில் அவரும் காலமானார். பத்துப் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த உழைப்பு வீணா என்று கேட்டால் நான் இல்லை என்பேன். விழுந்தால் தேடி வருவார்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த உயரத்தில் எவன் காவல் நிற்பான்?

*

பனி இல்லாத எங்கள் மலைக்குத் திரும்புகிறேன். 2015 மே மாதம், வைகாசி அமாவாசைக் கூட்டத்தின்போது சதுரகிரியில் திடீர் மழை பெய்து ஓடைகளில் வெள்ளம் பாய்ந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மலையில் சிக்கிக்கொண்டார்கள், சிலர் மாண்டார்கள். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற வந்தவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் பலியானார்கள். ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் முதலில் அந்தச் சரிவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் மலையடிவாரத்து ஜனங்கள். அவர்களிடம் சறுக்கு வண்டி இல்லை. சிவப்புச் சட்டையும் முதுகில் வெள்ளைச் சிலுவையும் இல்லை. கம்பும் துணியும் தோளுமே இருந்தன.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைப் பாதைகளில் நடைப் பயணத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பாதைகளும் அவற்றில் உண்டு. வழி காட்டுகிறவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள். இதைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

வழுக்கல் பாறையில் என்னைச் சூழ்ந்த இருபது பேருக்கும் இரக்கத்தில் குறைவில்லை. ஆனால் அந்த இரக்கம் என் காலைப் பிடித்து இழுத்தது! ஒரே ஒருவருக்குத்தான் இரக்கத்தோடு வித்தையும் இருந்தது. அது அவருடைய அய்யா சொல்லிக்கொடுத்த வித்தை. அவர் தம் பிள்ளைக்குச் சொல்லாவிட்டால் அவரோடு போய்விடும். டோலும் அவரும் ஒரே ஜாதி மனிதர்கள். டோல் செய்த அதிகப்படியான காரியம் ஒன்றுதான்: ஒருவன் கையில் இருந்த வித்தையை எழுதிப் பாடமாக்கி, பரீட்சை வைத்து, ஆயிரம் பேர் கைக்கு மாற்றினார்.

குணமான பிறகு ஒரு பௌர்ணமிக்குத் தாணிப்பாறைக்குப் போயிருந்தேன், மலை ஏறுவதற்கல்ல. ஒரு புதுத் துண்டு வாங்கிக்கொண்டு போனேன். அவர் சுமை கட்டிக்கொண்டிருந்தார். துண்டை மட்டும் மறுக்காமல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் நின்றான், மகனாம்.

"இவனுக்குத் தப்பை கட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"போன மாசம் ஒரு அம்மாவுக்கு இவனே கட்டினான் சாமி. நான் தொடவேயில்லை, பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்" என்றார்.