விமான நிலையப் பேருந்திலிருந்து இறங்கிய பெயர்

விக்கி என்பது 'வாட் ஐ நோ இஸ்' என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் என்று ஒரு விளக்கம் இணையத்தில் நெடுநாளாக உலவுகிறது. 'எனக்குத் தெரிந்தது இது' என்று பொருள். தெரிந்ததை எவரும் எழுதிவைக்கக்கூடிய தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான விரிவு கிடைக்காது. சந்தேகமும் அங்கேதான் தொடங்க வேண்டும். சொற்பிறப்பில் அளவுக்கு மீறிப் பொருந்திவரும் விளக்கம் பெரும்பாலும் பிற்காலத்தில் கட்டியதாகவே இருக்கும். இதுவும் அப்படித்தான்.

வேர் பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது. ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. இரட்டித்து விக்கிவிக்கி என்றால் மிக விரைவு. விறுவிறு, கிடுகிடு, குடுகுடு என்று ஓசையை அடுக்கி வேகம் காட்டுவது நமக்கும் பழக்கம்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது. 'விறு நடந்தான்' என்று யாரும் சொல்வதில்லை. ஹவாய்ச் சொல் பிரிந்தும் பொருள் தரும். பிற்காலத்தில் அதைப் பாதியாக நறுக்கியபோது அது பிழைத்துக்கொண்டதற்கு இந்த இயல்பும் ஒரு துணை. (ஹவாய் மொழிக்கு உறவான நியூசிலாந்தின் மாவோரியிலும் விக்கி உண்டு. அங்கே அதற்கு வாரம் என்று பொருள். ஆங்கில 'வீக்' போய்த் தங்கிய உருவம். ஒலிதான் ஒன்று, உறவு கிடையாது.)

ஹொனலுலு விமான நிலையத்தில் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயணிகளை ஏற்றிச்செல்லும் பேருந்துக்கு விக்கிவிக்கி என்று பெயர். முதல்முறை ஹவாய்க்குப் போயிருந்த வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளரிடம், விக்கிவிக்கி பேருந்தில் போங்கள் என்றார் அங்கிருந்த ஊழியர். அவருக்குப் புரியவில்லை, விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்போது கற்றதுதான் அவர் அறிந்த முதல் ஹவாய்ச் சொல். பின்னர் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில், நிரலாளர்கள் தங்கள் அனுபவங்களைத் தொகுப்பதற்காக ஒரு தளம் கட்டினார். 1995 மார்ச் 25 அன்று அதைத் திறந்தபோது வைத்த பெயர் விக்கிவிக்கிவெப். 'விரைவு வலை' என்று ஆங்கிலத்திலேயே வைத்திருக்கலாம். ஆனால் அஞ்சலை வைத்து மின்னஞ்சல் என்று பெயரிட்டதுபோல, பழைய ஊடகம் எதையாவது நினைவூட்டும் பெயர் தனக்கு வேண்டாம் என்று எண்ணியதாகப் பின்னாளில் அவரே விளக்கியிருக்கிறார். வந்தது எதன் நகலும் அல்ல என்றால் பெயரும் முன்சுமை இல்லாததாக இருக்கட்டும் என்ற கணக்கு. எனக்கு இது சரியான கணக்காகவே படுகிறது.

அப்படி என்ன புதிது? பக்கத்தின் அடியில் ஒரு தொடுப்பு. அதைச் சொடுக்கினால் பக்கத்தின் எழுத்து ஒரு பெட்டிக்குள் திறக்கும். மாற்றிச் சேமித்தால் அந்த நொடியே உலகத்துக்கு அதுதான் பக்கம். அனுமதி கேட்க வேண்டாம், ஆசிரியர் மேசைக்கு அனுப்ப வேண்டாம். யார் எதை மாற்றினார்கள் என்பதைக் காட்ட 'அண்மைய மாற்றங்கள்' என்று ஒரு பக்கம். அவ்வளவுதான். 1990இல் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் உலாவியே படிக்கவும் எழுதவும் வசதி கொண்டது. 1993இல் வந்து பெரும்புகழ் பெற்ற மொசைக் உலாவியோ படிப்பதற்கான கருவியாகவே பரவியது. எழுதுகிறவர் ஒருபக்கம், படிக்கிறவர் மறுபக்கம் என்று வலை பிரிந்துபோனது. கன்னிங்காம் அந்தச் சுவரில் கதவு வைத்தார். ஆனால் பெயரில் அந்தத் திறப்பு இல்லை. வேகம் மட்டுமே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த முதல் விக்கியில் இன்னொரு விதி இருந்தது. இரண்டு சொற்களை இடைவெளியின்றி ஒட்டி, ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக இட்டால் அதுவே தொடுப்பாகிவிடும். ஆங்கிலத்துக்குச் சுகமான விதி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழுக்கு? அரபுக்கு, சீனத்துக்கு? அந்த விதி நிலைத்திருந்தால் இந்த மொழிகளில் ஒரு தொடுப்புகூடக் கொடுத்திருக்க முடியாது. 2001இல் விக்கிப்பீடியா இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்கு மாறியது. ஒற்றைச் சொல் கட்டுரைகளுக்குத் தலைப்பிட ஆங்கிலமே திணறியதுதான் அதற்குத் தூண்டுதல். நமக்குக் கிடைத்தது பக்கவிளைவு.

விக்கிப்பீடியாவும் திட்டமிட்டுப் பிறந்ததல்ல. 2000 மார்ச்சில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் இருவரும் நூபீடியா என்ற கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். அறிஞர்கள் எழுத வேண்டும், கட்டுரை ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும். 2003இல் அது மூடப்பட்டபோது முழுதாக முடிந்திருந்தவை இருபத்தைந்தை ஒட்டிய கட்டுரைகள்தான். இடையில் வரைவுகளை வேகமாகத் திரட்டுவதற்காக 2001 ஜனவரி 15 அன்று திறந்த துணைத்திட்டமே விக்கிப்பீடியா. பெயரை ஒட்டியவர் சாங்கர். ஹவாய்த் தலைக்குக் கிரேக்க வால்: 'பீடியா'வின் மூலமான பைதேயா என்றால் பிள்ளையை வளர்த்துப் பயிற்றுவித்தல். முதல் ஆண்டு முடிவதற்குள் சுமார் 20,000 கட்டுரைகள் சேர்ந்துவிட்டன.

பொருள் மாறியது இங்கேதான். சாங்கர் ஒட்டிய விக்கிக்கு எவரும் திருத்தக்கூடிய மென்பொருள் என்று பொருள்; வேகம் பின்னால் போய்விட்டது. 2007 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி அதைச் சேர்த்தபோது இந்தப் பொருளே நிலைத்திருந்தது. 2004இல் ஓரெய்லி நிறுவனத்தின் மாநாடு 'வெப் 2.0' என்ற தொடரைப் பரப்பியது; மென்பொருள் பதிப்புக்கு இடும் எண்ணைப் போட்டு வாசகரும் எழுதும் வலையைச் சுட்ட வேண்டியிருந்தது. இன்று அந்தத் தொடர் பழங்கால விளம்பரம்போல ஒலிக்கிறது. பேருந்துப் பெயரோ இன்னும் வேலை செய்கிறது.

ஆனால் வேலை செய்வது எதற்காக? 2006இல் வந்த, கசிந்த ஆவணங்களின் தளமான விக்கிலீக்ஸ் அந்த முன்னொட்டை எடுத்துக்கொண்டு, விரைவில் வாசகர் கைவைக்கும் வசதியைக் கைவிட்டது. அங்கே விக்கி வெறும் அடையாளக் குறி. விக்கிப்பீடியாவிலேயேகூட, அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகன்தாலர் பற்றிய பக்கத்தில் யாரோ எழுதிய அவதூறு 2005இல் மாதக்கணக்கில் கிடந்தது தெரியவந்தபின், பயனர் கணக்கு இல்லாதவர்கள் ஆங்கிலப் பதிப்பில் புதுப்பக்கம் தொடங்குவது நிறுத்தப்பட்டது. விரைவு என்ற பெயருடைய இடத்தில் வேகத்தடை வைத்தார்கள். வைத்தது சரிதான்.

2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இலங்கையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதனின் உழைப்பு அதன் தொடக்க ஆண்டுகளின் அடித்தளம். தமிழுக்கு வந்ததும் சொல் ஒரு ககர ஒற்றைப் பெற்றது. 'விகி' என்று எழுதினால் இடையில் நிற்கும் ககரம் நம் நாக்கில் மெலிந்துவிடும்; வல்லோசை காக்க க் தேவை. ஹவாயின் வ இதழுக்கும் பல்லுக்கும் இடையே ஊசலாடுவது, நம் வகரத்தைப் போலவே. ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுத்து அதற்கு நெருக்கம். விக்கி என்ற எச்சம் ஏற்கெனவே நம்மிடம் இருந்தது, தண்ணீர் குடித்தால் அடங்குகிற விக்கலில். விக்னேசுகளையும் விக்ரம்களையும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியவர்கள் மற்றவற்றுக்கெல்லாம் பெயர் கண்டார்கள். திருத்தும் பொத்தான் 'தொகு' ஆனது. எழுதிப் பழகும் இடம் மணல்தொட்டி. பயனர்கள் கூடிப் பொதுச்செய்தி பேசும் பக்கத்தை ஆங்கிலத்தார் ஊர்க் குழாயடி என்கிறார்கள்; இங்கே அது ஆலமரத்தடி. விக்கியை மட்டும் எவரும் பெயர்க்கவில்லை. மூலநூல்களுக்கான திட்டம் விக்கிமூலம் என்றானது. அகராதிக்கு மட்டும் விக்கியின் கடைசி இகரத்தையும் உதறி, 'டிக்சனரி'யின் வாலை ஒட்டி, விக்சனரி என்று வைத்தார்கள். ஹொனலுலு பேருந்தில் நான்கு அசையாக ஓடிய சொல், அதில் விக் என்ற ஒற்றை அசையாக நிற்கிறது.