இழைப்புளியும் கொங்குத் தச்சர் தொழிலும்

'இழைப்புளி' என்னுஞ் சொல் இழைப்பு, உளி என்னும் இரு சொற்களாலாயது. இக்கருவிக்கு வழங்கும் 'சீவுளி' என்னும் மற்றொரு பெயரும் உளியென்றே முடிதல் காண்க. கட்டையொன்றின் நடுவே ஓர் உளியைச் சாய்வாக இருத்தி, அது மரத்தை ஒரே அளவு ஆழத்தில் சீவிச் செல்லுமாறு கட்டுப்படுத்துதலே இக்கருவியின் இயல்பாகும். எனவே உளியே முதன்மையுடையது. கட்டை அதற்குத் துணையாவது. குறைந்த விலையில் இன்று விற்கப்படும் இரும்பு இழைப்புளியைச் செப்பஞ்செய்யும் முறைக்கும் இப்பெயரே திறவுகோலாக அமைதலைக் கொங்குநாட்டுக் கருமத்தம்பட்டிப் பகுதியை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

தச்சர்தம் கருவிகள் சங்க நூல்களில் இடம்பெற்றுள்ளன. புறநானூற்று 206ஆம் பாட்டில் ஔவையார் தச்சர் சிறாரோடு மழுவைச் சேர்த்துக் கூறுகின்றார். நெடுநல்வாடை, அரசியின் கட்டிலைப் புனைந்த கூரிய உளியைச் சுட்டுகின்றது. மேலைநாட்டில், கி.பி. 79இல் எரிமலையாற் புதையுண்ட பாம்பேயி நகரில் இழைப்புளிகளே கிடைத்துள்ளன. உளிக்கு உயிராகிய எஃகு கொங்குநாட்டிற்குப் புதிதன்று. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் எனக் கருதப்படும் கொடுமணலில், 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் இரும்புருக்கும் உலைகளை வெளிப்படுத்தின. அவ்வூர் நொய்யலாற்றின் வடகரையில் உள்ளது.

அதே நொய்யற் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், கோயம்புத்தூரிலிருந்து அவினாசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது கருமத்தம்பட்டி. அதனையடுத்த சோமனூரும் சேர்ந்த இப்பகுதி நெசவுக்குப் பெயர்பெற்றது. இன்று விசைத்தறி ஓங்கியிருப்பினும், கைத்தறியின் சட்டமும் பலகையும் படைமரமும் மரத்தாலானவை. மரத்தின் மேற்பரப்பிற் சிறு சிராய் நின்றாலும் பருத்தியிழை அதிற் சிக்கி அறும். ஆதலின் தறி செய்யும் தச்சனுக்கு இழைப்பு என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று. நெசவாளனின் கூலியைக் காப்பதும் அதுவே.

பழைய முறையில் வைரம் பாய்ந்த கட்டையைக் குடைந்து தச்சனே இழைப்புளியின் உடலை அமைத்துக்கொள்வான். அலகைக் கொல்லன் உலையில் அடித்துத் தருவான். ஆப்பு அதனை இறுக்கிப் பிடிக்கும். கட்டை தேய்ந்து கோணினால் அதனை மீண்டும் இழைத்து நேராக்குதலும் அவன் பணியே. அமெரிக்கரான லியோனார்டு பெய்லி, அலகைத் திருகினால் ஏற்றியிறக்கும் இரும்பு இழைப்புளிக்கு 1867இல் காப்புரிமை பெற்றார். 1869இல் ஸ்டான்லி நிறுவனம் அவ்வுரிமைகளை வாங்கியது. உலகெங்கும் இன்று வார்க்கப்படும் மலிவான இரும்பு இழைப்புளிகளிற் பெரும்பாலான அவ்வமைப்பையே பின்பற்றுவன. ஆயின் விலையைக் குறைக்கும்பொருட்டு, அடித்தளத்தை நேராக்குதலும் அலகைத் தீட்டுதலும் அரைகுறையாகவே விடப்படுகின்றன. அவ்வேலை வாங்குவோன் கைக்கு வந்து சேர்கின்றது.

அவ்வேலையின் முறை வருமாறு. முதலாவது, தட்டையான கண்ணாடியின்மேல் உப்புத்தாளை ஒட்டி, அடித்தளத்திற் பென்சிற் கோடுகளிட்டு, அவை அழியுமாறு தேய்த்தல் வேண்டும். அப்பொழுது அலகை உள்ளிழுத்து, வேலைக்கு இறுக்குமாறே இறுக்கி வைத்தல் வேண்டும். இறுக்கத்தால் உடல் சிறிது வளையுமாதலின். முனை, வாயின் முன்விளிம்பு, பின்கோடி ஆகிய மூன்றும் ஒரே தளத்திற் படியின் அமையும். இரண்டாவது, அலகைத் தாங்கும் 45 பாகைச் சாய்தாங்கியின் மேடுபள்ளங்களை அரத்தால் அராவுதல். இன்றேல் அலகு அதிர்ந்து மரத்தில் வரிவரியாகத் தடம் பதியும். மூன்றாவது, அலகின் தட்டைப்புறத்தை விளிம்பையொட்டியேனும் கல்லிற் கண்ணாடிபோலாக்குதல். நான்காவது, சாய்புறத்தை 25 பாகையளவிற் சாணைபிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் எண்ணெய்க்கல்லில் தீட்டி, எழும் பிசிறைத் தோலில் நீக்குதல். சாணையிற் சூடேறி எஃகு நீலம்பூப்பின் பதங்கெடும். ஆகவே அடிக்கடி நீரில் தோய்த்தல் வேண்டும். ஐந்தாவது, மேல்தகட்டின் விளிம்பு அலகின்மீது இடைவெளியின்றிப் படியுமாறு தேய்த்து, நுண்வேலைக்கு அலகின் நுனியினின்று ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவில் அமைத்தல். இடைவெளியிருப்பின் சீவல் அதிற் புகுந்து வாயை அடைக்கும்.

இவ்வைந்தனுள் முதலிரண்டும் கட்டையைச் செய்தோன் அறிவு. ஏனைய மூன்றும் உளியைத் தீட்டுவோன் அறிவு. பழந்தச்சன் இரண்டையும் ஒருங்கே பெற்றிருந்தான். ஆதலின் மலிவு உழைப்பை ஒழித்துவிடவில்லை. அதனை இடம்மாற்றியது என்பதே பொருந்தும். அவ்வறிவில்லாதான் புதிய கருவியைப் பழுதுடையதென எறிந்துவிடுவான். உள்ளவனோ அதனையே நெடுங்காலம் ஆள்வான். மின்னிழைப்பியும் ஒட்டுப்பலகையும் பரவிய இந்நாளில், கைக்கருவியை ஆள்வோரோடு பதம், பிசிறு, சாணை முதலிய சொற்களின் தொழிற்பொருளும் மறைகின்றது. முதிய தச்சரும் கொல்லரும் வாழுங்காலத்தே, ஊர்தோறும் சென்று அச்சொற்களையும் அவை சுட்டும் செய்முறைகளையும் ஒருங்கே தொகுத்தல் தமிழாய்வாளர் கடனாகும். செய்முறையை அறியாது திரட்டிய சொல், தீட்டப்படாத அலகினையே ஒக்கும்.