விடுபட்ட வரி – 3: ரோத்ஷீல்டு வீட்டு ஓவியம்

1938. நாஜிகளிடமிருந்து தப்பி ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதத் தொழிலதிபர் மாக்ஸ் மெய்ரோவ்ஸ்கி, தன்னிடமிருந்த வான்கோ ஓவியத்தைப் பாரிஸில் பால் கிராப் என்ற கலை வணிகரிடம் ஒப்படைத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம்.

1888 ஜூனில், தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரில் அறுவடை நடந்த நாட்களில் வரையப்பட்ட 'கோதுமைப் போர்கள்' அது. காகிதத்தில் நீர்வண்ணமும் பேனா மையும் சேர்ந்த வேலை. வான்கோவின் தம்பி தியோ, அவர் மனைவி யோ, பாரிஸ் எழுத்தாளர் குஸ்தாவ் கொகியோ என்று கைமாறி, 1913 வாக்கில் மெய்ரோவ்ஸ்கியிடம் வந்தது. கால் நூற்றாண்டு அவரிடமே இருந்தது.

கிராப்பும் ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதர்தான். அவர் மூலமாக ஓவியத்தை வாங்கியவர், புகழ்பெற்ற வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரின் த ரோத்ஷீல்டு. காகிதத்தில் பார்த்தால் முறையான விற்பனை. ஆனால், ஊரை விட்டே துரத்தப்பட்டவர் விற்றதை மனமுவந்த விற்பனை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

போர் மூண்டதும் அலெக்ஸாண்ட்ரின் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். ஓவியங்கள் பிரான்சிலேயே தங்கிவிட்டன. 1940 ஜூன் 14 அன்று ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. யூதர்களின் கலைச் செல்வங்களை வாரிக்கொண்டு போக, நாஜித் தலைவர் ரோசன்பெர்க்கின் பெயரில் ஒரு தனிப்படை இருந்தது. அது அள்ளியவை ஜெ த போம் அருங்காட்சியகத்தில் குவிந்தன. தனக்குப் பிடித்ததைப் பொறுக்கி எடுக்க, ஹிட்லரின் வலக்கரமான கோரிங்கே அங்கு நேரில் வந்துபோனார். அந்த ஜெர்மானியர்களுக்கு நடுவே அமைதியாக வேலை பார்த்த ரோஸ் வலான் என்ற பிரெஞ்சுப் பெண்மணிக்கு ஜெர்மன் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. எது எங்கே போகிறது என்று அவர் ரகசியமாகக் குறித்துவந்தார். அகப்பட்டிருந்தால் உயிர் போயிருக்கும். பறிபோன ஆயிரக்கணக்கான ஓவியங்கள் போருக்குப் பின் உரியவர்களிடம் திரும்பியதில் அந்தக் குறிப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால், அலெக்ஸாண்ட்ரினிடமிருந்து பறிபோன 'கோதுமைப் போர்கள்' திரும்பவில்லை. போருக்குப் பிறகு அலெக்ஸாண்ட்ரின் தன் உடைமைகளைத் தேடினார். 1965இல் அவர் காலமானபோதும் இந்த ஓவியம் அவர் கைக்கு வந்திருக்கவில்லை.

1978. நியூயார்க்கின் வில்டன்ஸ்டீன் காட்சிக்கூடத்தில் அதே ஓவியம்! மறு ஆண்டு டெக்சாஸ் எண்ணெய்த் தொழிலதிபர் எட்வின் காக்ஸ் அதை வாங்கினார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வைத்திருந்து, 2020இல் மறைந்தார். ஓவியம் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்துக்கு வந்தது. மதிப்பீடு 2 கோடி முதல் 3 கோடி டாலர்.

அந்த நிலையில் உரிமையாளர் யார்? விலை கொடுத்து வாங்கிய காக்ஸின் வாரிசுகளா? கொள்ளை கொடுத்த ரோத்ஷீல்டின் வாரிசுகளா? அதற்கும் முன்னால், உயிர்பிழைக்க ஓடும் வழியில் விற்றுவிட்டுப் போன மெய்ரோவ்ஸ்கியின் வாரிசுகளா? பறிகொடுத்த இரு குடும்பங்களில் ஒன்றுக்கு நியாயம் செய்தால் மற்றொன்றுக்கு அநியாயமாகிவிடும்.

ஏல நாள் 2021 நவம்பர் 11. அதற்குள் மூன்று தரப்பும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருந்தது.

(தொடரும்)