ஒரே வெட்டு

சென்ற வாரம், கியூஷூ தீவைக் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கப்போன ஷிமாசு குலம் 1587-ல் ஜப்பானை ஒருங்கிணைத்த ஹிதேயோஷியிடம் பணிந்த கதையைப் பார்த்தோம். மறு ஆண்டு குலத்தலைவர் யோஷிஹிசா கியோட்டோவுக்குப் போனபோது, உடன் போன வீரர்களில் தோகோ சிகெகாதாவும் ஒருவர். அங்கே தென்னெய்ஜி கோயிலில் செங்கிச்சி என்ற துறவியிடம் ஒரு வாள்முறையைக் கற்றுக்கொண்டார். குரு, சீடரைவிட இளையவர். ஊர் திரும்பிய தோகோ, மூன்று ஆண்டுகள் வீட்டு மரங்களையே எதிரியாக வைத்து அடித்துப் பழகினார் என்கிறது மரபுக் கதை. 1604-ல், ஷிமாசு குலம் ஆண்ட சட்சுமாவின் பிரபுவுக்கு வாள் ஆசானானார். அவர் வகுத்ததுதான் ஜிகென்-ரியூ.

பயிற்சியைப் பார்த்தால் இதற்கா இவ்வளவு பேர் என்று தோன்றும். தரையில் நட்ட ஒரு மரக்கம்பம். கையில் வாள் வடிவம்கூட இல்லாத, யூசு என்ற கெட்டி மரத்தின் கழி. அதை வலது காதருகே நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். இடது முழங்கை வெட்டுண்டு போனதுபோல அசையாமல் நிற்க வேண்டும். சில அடி தூரத்திலிருந்து ஓடிவந்து, குரங்கு அலறுவதுபோலக் கத்திக்கொண்டு, கம்பத்தின் இரு பக்கமும் மாறிமாறிச் சாய்வாக அடிக்க வேண்டும். காலையில் 3,000, மாலையில் 8,000 என்பது கணக்கு. நொடிக்கு ஒரு அடி என்றாலும் 8,000 அடிக்கு இரண்டேகால் மணி நேரம் பிடிக்கும். தினமும் யாராவது எண்ணி முடித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். மாணவனை விரட்டுவதற்குச் சொன்ன எண்ணாக இருக்கலாம்.

இந்த எளிமை சட்சுமாவுக்குத் தேவைப்பட்டது. அங்கே மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் சாமுராய்கள். நாட்டின் பிற பகுதிகளில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனை பேருக்குப் படியளக்க எந்தப் பிரபுவால் முடியும்? பெரும்பாலோர் கிராமத்தில் ஏர் பிடித்துத்தான் பிழைத்தார்கள். பிற்காலத்தில் எடோ நகரப் பள்ளிகள் மூங்கில் வாளும் மார்புக்கவசமும் முகமூடியும் வாங்கிக்கொண்டிருந்தபோது, இவர்களுக்குக் கழியும் கம்பமும் போதும்.

குறை இல்லாமல் இல்லை. கம்பம் திருப்பி அடிக்காது. தற்காப்பு இந்த முறையில் மிகக் குறைவு. முதல் வெட்டு தவறினால் வெட்டியவன் பாடு திண்டாட்டம். ஷோகுன் ஆட்சிக்காகக் கியோட்டோவைக் காவல்காத்த ஷின்செங்குமி படையின் தலைவர் கொந்தோ இசாமி தன் ஆட்களிடம், சட்சுமாக்காரனின் முதல் வீச்சை மட்டும் எப்படியாவது தவிர்த்துவிடுங்கள் என்று எச்சரித்ததாகச் சொல்வார்கள். எதிரியை இப்படிப் பயமுறுத்திய பயிற்சியை முரட்டுத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1862 செப்டம்பர் 14. யோகோஹாமாவுக்கு அருகே நமமுகி கிராமம். சட்சுமாவின் ஷிமாசு ஹிசமிட்சு பரிவாரத்தோடு வருகிறார். எதிரே குதிரையில் வந்த ஆங்கிலேயர்கள், வழக்கப்படி மரியாதைக்கு இறங்கவில்லை. ஜிகென் மரபின் கிளையான யாகுமாரு பள்ளியில் பயின்ற நராஹரா கிசாயெமோன் வாளை உருவினார். வெட்டுப்பட்ட வணிகர் சார்லஸ் ரிச்சர்ட்சன் பிழைக்கவில்லை. குற்றவாளியைத் தண்டிக்கச் சொன்னது பிரிட்டன், சட்சுமா மறுத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ககோஷிமா விரிகுடாவுக்குள் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நுழைந்தன.

(தொடரும்)