இரண்டு, ஒன்று, ஒன்று



நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் ஊர் நூல்நிலையத்தைப் புதுப்பிக்க ஒரு சங்கம் அமைந்தது. நன்கொடையாளர், ஆசிரியர், வாசகர் என மூன்று சாரார் அதில் உண்டு. அதன் நகல் விதிகளைப் பார்வையிட்டுத் தருமாறு என்னிடம் கொடுத்தனர். நோக்கங்களைக் கூறும் பக்கங்கள் அழகாகவே இருந்தன. ஆயினும் நான் முதலில் தேடியது, எவருக்கு எத்தனை வாக்கு என்னும் ஒரு வரியையே. அவ்வாறு தேட எனக்குக் கற்பித்தது 1919ஆம் ஆண்டின் வரலாறு.

முதல் உலகப் போர் முடிந்து, பாரிஸில் சமாதான மாநாடு கூடியிருந்த காலம் அது. உலகத் தொழிலாளர் நிலையை ஆராய, 9 நாடுகளைச் சேர்ந்த 15 பேர் கொண்ட குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்ப்பர்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்திற்கான நகல் ஒன்றைப் பிரிட்டிஷார் முன்வைத்தனர். அரசாங்கங்களுடன் முதலாளிகளும் தொழிலாளரும் ஒரே அவையில் அமர்ந்து வாக்களிப்பர் என்பதே அதன் புதுமை.

ஆனால், யாருக்கு எத்தனை வாக்கு? அரசாங்கப் பிரதிநிதிக்கு இரண்டு, முதலாளிகளின் பிரதிநிதிக்கு ஒன்று, தொழிலாளர் பிரதிநிதிக்கு ஒன்று என்றது நகல். காம்ப்பர்ஸ் இதனை எதிர்த்தார். அரசாங்கமும் முதலாளியும் ஒன்று சேர்ந்தால், மூன்றுக்கு ஒன்றாகத் தொழிலாளி தோற்பான் அன்றோ? மறுதரப்பின் விடையும் எளிதில் தள்ளத்தக்கதன்று. உடன்படிக்கைகளைச் சட்டமாக்க வேண்டியவை அரசாங்கங்கள். அவை ஏற்காத முடிவு ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும்.

இறுதியில் விகிதம் மாறவில்லை, விதி மாறியது. ஒருவருக்கு இரண்டு வாக்கு என்பதற்குப் பதிலாக, அரசாங்கத்திற்கு இரு பிரதிநிதிகள் அளிக்கப்பட்டனர். நால்வரும் தனித்தனியே வாக்களிப்பர். உடன்படிக்கை நிறைவேற மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். ஒரு நாடு முதலாளிகளின் பிரதிநிதியை அனுப்பித் தொழிலாளர் பிரதிநிதியை அனுப்பாவிடில், வந்தவர் பேசலாம், வாக்களிக்க இயலாது. இவ்விதிகள் வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 13ஆம் பகுதியில் இடம்பெற்றன.

அவ்வாண்டின் இறுதியில் வாஷிங்டனில் கூடிய முதல் மாநாட்டில், இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாக என். எம். ஜோஷி அமர்ந்தார். 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பி. பி. வாடியா ஆலோசகராகச் சென்றார். தொழிலாளரின் முக்கிய அமைப்புகளைக் கலந்தே பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பது விதி. அன்று இந்தியாவில் தொழிற்சங்கங்களை ஒன்றிணைத்த மத்திய அமைப்பு இல்லை. 1920இல் பம்பாயில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். தாளில் எழுதிய ஒரு வரி, கடல் கடந்து ஓர் இயக்கத்திற்குத் துணை நின்றது.

எங்கள் நூல்நிலையத்திற்கு வருவோம். நன்கொடையாளருக்கு இரண்டு வாக்கு, ஆசிரியருக்கு ஒன்று; வாசகர் “கூட்டத்திற்கு வந்து பேசலாம்” என்றிருந்தது அந்த நகல். நன்கொடையாளருக்கு இரண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பொருள் தருவோர் விலகினால் நூல் ஏது? ஆனால் வாசகர் பெயருக்கு எதிரே ஓரத்தில், ‘ஒன்று’ என்று எழுதினேன். இரண்டு கூட்டங்கள் விவாதித்தபின் அதை ஏற்றனர்.

மாணவர்களே! நாளை உங்கள் கைக்கும் பல நகல் விதிகள் வரும். முகவுரையில் மயங்காதீர்கள். எவர் பேசலாம், எவர் கை உயர்த்தலாம் என்று எண்ணிப் பாருங்கள்.