வறட்சியும் வானத்தின் ஈரமும்

தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் அஞ்சி நினைவுகூர்ந்த கொடுமை 1876-இல் தொடங்கியது. அவ்வாண்டு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை குன்றியது. பின்னர் வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. கீழ்பென்னாத்தூரைப் போல ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழும் ஊர்களுக்கு அதனினும் பெரிய இடி வேறில்லை. ஏரி வறண்டால் கிணறும் வற்றிவிடும். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் ஆங்கில ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போதும் நம் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ஆதலால் அத்தனை சாவுக்கும் வானத்தின்மேல் பழிபோடுவது நேர்மையன்று. எனினும் மழை ஏன் வரவில்லை என்னும் கேள்வி தனியே நிற்கிறது. மாணவர்களே, அதனையே இன்று ஆராய்வோம்.

சென்னையில் 1813 முதலே மழை அளக்கப்பட்டு வந்தது. இந்திய வானிலைத் துறை 1875-இல் பிளான்ஃபோர்டு தலைமையில் தோன்றியது. ஆனால் மழைமானி, பாரமானி, ஈரக்குமிழ் வெப்பமானி ஆகிய அனைத்தும் தரையிலேயே இருந்தன. 1877-இல் ஹண்டர் என்னும் அறிஞர் சூரியனிலுள்ள கரும்புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சியோடு சென்னை மழையைப் பொருத்திப் பார்த்தார். அக்கருத்து நிலைபெறவில்லை. தரையையும் பார்த்தார்கள், சூரியனையும் பார்த்தார்கள். இடையிலுள்ள சில கிலோமீட்டர் உயரத்தை அளக்க அன்று வழியில்லை.

வறட்சிக் காலத்தில் காற்றில் ஈரமே இராது என்று எண்ணுவது இயல்பு. உண்மை அவ்வளவு எளிதன்று. உடல் கசகசவென்று வியர்க்கும், புழுக்கம் தாங்காது, பிற்பகலில் மேகமும் எழும், ஆயினும் ஒரு துளி விழாது. ஏன்? 30 பாகை வெப்பமுள்ள ஒரு கனமீட்டர்க் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராம்தான் தாங்கும். ஆகவே ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்தால் மிகுதி நீராவி துளியாகிறது. வளிமண்டல நீராவியில் ஏறக்குறைய பாதி, தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மழை பெய்ய அது மட்டும் போதாது. ஈரம் ஐந்தாறு கிலோமீட்டர் உயரம்வரை தடித்து நிற்கவேண்டும். நடுவே வறண்ட அடுக்கொன்று இருந்தால், எழும் மேகம் அவ்வறண்ட காற்றோடு கலந்து ஆவியாகிக் கரைந்துபோகும்.

அவ்வறண்ட அடுக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உயரத்திலிருந்து கீழிறங்கும் காற்றே அது. சைக்கிள் பம்பை விரைந்து அழுத்திப் பாருங்கள், அதன் அடிப்பகுதி சுடும். அவ்வாறே இறங்கும் காற்றும் அழுத்தப்பட்டு, கிலோமீட்டருக்குப் பத்துப் பாகையளவு சூடேறுகிறது. ஈரம் கூடாமல் சூடு மட்டும் கூடுவதால் அது மேலும் வறண்டு, கீழுள்ள புழுக்கத்தின்மேல் மூடிபோல் அமர்ந்துவிடுகிறது. மழை பொய்த்து மண் காய்ந்தபின் நிலத்திலிருந்து எழும் ஈரமும் குறையும்; வறட்சி தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

1877-இல் ஆசியாவின் பரந்த பகுதிகளில் பாரமானி வழக்கத்தைவிட உயர்ந்து நின்றதைப் பிளான்ஃபோர்டு கவனித்தார். அது காற்று கீழிறங்குவதன் அடையாளம். பின்னர் கில்பர்ட் வாக்கர், பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே அழுத்தம் ஊசலாடுவதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1877-இல் பசிபிக் நீர் மிகையாகச் சூடேறியிருந்தது; எழுகாற்று அங்கே குவிய, நம் நாட்டின்மேல் இறங்குகாற்று வலுத்தது. ஆனால் 1876-இன் தவறுதலை இக்காரணத்தால் விளக்க இயலாது. அச்சூடு மறு ஆண்டில்தான் முற்றியது. ஒரே திறவுகோலால் எல்லாப் பூட்டும் திறக்கும் என்று நம்புவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மேல்காற்றை ஆராய ஆக்ராவில் 1914-இல் ஒரு நிலையம் எழுந்தது. இன்று சென்னை மீனம்பாக்கத்திலிருந்து பலூன் ஏறுகிறது. அதில் தொங்கும் சிறு கருவி வெப்பத்தையும் ஈரத்தையும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே உயர்கிறது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தபோது, ஒவ்வோர் உயரத்து ஈரமும் எண்ணாக நம் கையில் இருந்தது. 1876-இல் கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் நின்று மேகத்தைப் பார்த்திருந்தவர்களுக்கு அது கரைவது மட்டுமே தெரிந்தது.